கங்காரு வாலில் கிடைத்த கயிறு



கடுக்காயைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? கடித்த உடனே நாக்கு வறண்டுபோகும். கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொள்வது போல இருக்கும். முகம் அஷ்டகோணலாகிவிடும்! அந்தச் சுவைக்குத்தான் துவர்ப்பு என்று பெயர்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் கடுக்காய் மரங்கள் உண்டு. அந்த மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியராக வேலை பார்த்தேன். கடுக்காய்ப் பருவம் வந்துவிட்டால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். மற்றவர்கள் அப்பா, அம்மாவோடு கடுக்காய் பொறுக்கப் போயிருப்பார்கள். காயவைத்து மூட்டை கட்டிய கடுக்காயை வியாபாரிகள் வாங்கிப் போவார்கள். கொஞ்சம் நாட்டு மருந்துக் கடைக்குப் போகும். கொஞ்சம் தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும்.

ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். செத்த ஆட்டின் தோலை அப்படியே போட்டால் இரண்டே நாளில் நாறிப்போகிறது. கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட்டால் மட்டும் ஏன் கெடாமல் செருப்பாகவும் பையாகவும் ஆகிறது என்பதே அவன் கேள்வி. கடுக்காயில் துவர்ப்புப் பொருள் இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பாதி பதில்தான். மீதிப் பாதி அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்த மீதிப் பாதியைச் சென்னை கிண்டியில் உட்கார்ந்து கண்டுபிடித்தவர் ஒரு தமிழர் என்று தெரிந்தது.

அவர் பெயர் ஜி.என்.ராமச்சந்திரன். இன்று அவருடைய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கணக்கு வாத்தியார் வீட்டுப் பிள்ளை

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் என்பது அவரது முழுப் பெயர். கோபாலசமுத்திரம் திருநெல்வேலிப் பக்கத்து ஊர். ஆனால் அவர் பிறந்தது கேரளத்தின் எர்ணாகுளத்தில், 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் தேதி. அப்பா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அம்மா பெயர் லட்சுமி அம்மாள்.

அப்பாவுக்குக் கணக்கு என்றால் உயிர். வீட்டிலேயே மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். நம்மில் பலருக்குக் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். ராமச்சந்திரனுக்கோ அது விளையாட்டுப் போல ஆகிவிட்டது. பின்னாளில் அவர் செய்த பெரிய வேலைகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குதான் கை கொடுத்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-இல் பட்டம் பெற்றபோது சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராக வந்தார். அதே ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார்.

அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன்! இந்த மாணவரின் மூளையைப் பார்த்த ராமன், அவரைத் தம்முடைய துறைக்கே இழுத்துக்கொண்டார். மின்பொறியியலுக்கு இவ்வளவு கெட்டிக்காரப் பையன் தேவையில்லை என்று அந்தத் துறைத் தலைவரிடம் அவர் வேடிக்கையாகச் சொன்னதாகக் கதை உண்டு.

ராமனிடம் ராமச்சந்திரன் படிகங்களைப் பற்றிப் படித்தார். படிகம் என்றால் உப்புக்கல், கற்கண்டு, வைரம் போன்றவை. இவற்றுக்குள் அணுக்கள் பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் நிற்கும் பிள்ளைகள் போல வரிசை வரிசையாக நிற்கும். அந்த வரிசையைக் கண்ணால் பார்க்க முடியாது. சாதாரண நுண்ணோக்கியாலும் முடியாது. அணு அவ்வளவு சிறியது.

பிறகு எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் எக்ஸ் கதிர். ஆஸ்பத்திரியில் கை உடைந்தால் படம் எடுக்கிறார்களே, அதே கதிர்தான். எக்ஸ் கதிரைப் படிகத்தின் மேல் பாய்ச்சினால், அது அணுக்களில் பட்டுச் சிதறி, பின்னால் வைத்திருக்கும் படச்சுருளில் புள்ளிகளாக விழும். ஒரு சல்லடைக்குப் பின்னால் விளக்கை வையுங்கள். சுவரில் விழும் நிழலைப் பார்த்தே சல்லடையின் ஓட்டை பெரியதா, சிறியதா என்று சொல்லிவிடலாம் அல்லவா? இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் புள்ளிகளைப் பார்த்து அணுக்கள் நிற்கும் இடத்தைச் சொல்ல நிறையக் கணக்குப் போட வேண்டும். கணக்கு வாத்தியார் மகனுக்கு அது ஒரு பொருட்டா?

1947-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இரண்டே ஆண்டுகளில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டு 1949-இல் பெங்களூர் திரும்பினார்.

கிண்டியில் ஒரு புதிய துறை

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க நினைத்தது. அப்போதைய துணைவேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார். தலைமைப் பொறுப்பை ராமன் ஏற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். ராமனோ தம் மாணவரின் பெயரைச் சொன்னார். அப்படித்தான் முப்பது வயதுகூட நிரம்பாத ராமச்சந்திரன் ஒரு துறைக்கே தலைவரானார்.

கிண்டி வளாகத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எக்ஸ் கதிர்க் கருவிகளை அமைத்து, மாணவர்களைச் சேர்த்தார். சரி, எதை ஆராய்வது?

அந்தச் சமயத்தில் ஜே.டி.பெர்னல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார்.

புரதம் என்றால் பருப்பு, முட்டை என்று நினைப்பீர்கள். அது சரிதான். ஆனால் நம் உடம்பின் பெரும்பாலான வேலைகளைச் செய்வதும் புரதங்கள்தான். அமினோ அமிலம் என்ற சின்னச் சின்ன மணிகளைக் கோத்த மாலைதான் புரதம். இந்த மணிகளில் இருபது வகை உண்டு. மாலை நீளமாகக் கிடந்தால் எந்த வேலையும் நடக்காது. அது சரியாக மடிந்து ஒரு வடிவத்துக்கு வர வேண்டும்.

உங்கள் நோட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுங்கள். படகாக மடித்தால் மிதக்கும். ராக்கெட்டாக மடித்தால் பறக்கும். குல்லாவாக மடித்தால் தலையில் உட்காரும். காகிதம் ஒன்றுதான். மடிப்பு மாறினால் வேலையும் மாறிவிடுகிறது. புரதமும் இப்படித்தான். அதன் வடிவம் தெரிந்தால்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று புரியும்.

நம் உடம்பில் மிக அதிகமாக இருக்கும் புரதம் கொலாஜன். தோல், எலும்பு, மூட்டு, மூக்கு நுனி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. குதிகாலுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். கயிறு போலக் கெட்டியாக ஒன்று தட்டுப்படும். அதற்குத் தசைநாண் என்று பெயர். அது பெரும்பாலும் கொலாஜன்தான்.

கங்காருவின் வால்

நல்ல எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க வேண்டுமானால், இழைகள் ஒரே திசையில் நேராக இருக்கும் கொலாஜன் வேண்டும். அப்படிப்பட்டது கங்காருவின் வால் தசைநாணில் கிடைக்கும். ஆஸ்திரேலியக் கங்காருவுக்குச் சென்னையில் எங்கே போவது?

பக்கத்திலேயே கிடைத்தது! கிண்டி வளாகத்துக்கு அருகில் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோலை ஆராய்கிறவர்களுக்குக் கொலாஜன்தானே முக்கியம்? அங்கிருந்து கங்காரு வால் தசைநாண் கிடைத்தது. ராமச்சந்திரனும், அவரோடு வேலை செய்த கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து ஆராயத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு ஒரு துப்புக் கிடைத்தது. கொலாஜனில் உள்ள மணிகளை எண்ணிப் பார்த்தால், கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று கிளைசின் என்ற ஒரே வகை மணியாக இருந்தது. இருபது வகையில் மிகச் சிறியது கிளைசின்தான். இவ்வளவு சிறிய மணி ஏன் இவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும்?

ராமச்சந்திரன் யோசித்தார். ஒரு மாலை அல்ல, மூன்று மாலைகள் சேர்ந்து முறுக்கிக்கொண்டிருந்தால்? அப்போது ஒவ்வொரு மாலையிலும் மூன்றுக்கு ஒரு மணி உட்பக்கம் வந்துவிடும். உள்ளே இடம் மிகவும் குறைவு. அங்கே மிகச் சிறிய மணியால்தான் அடங்க முடியும். அந்த மணிதான் கிளைசின்!

தேங்காய் நாரைத் திரித்துக் கயிறு ஆக்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒற்றை இழையைக் கையால் அறுத்துவிடலாம். மூன்று புரியாக முறுக்கிவிட்டால் மாட்டையே கட்டலாம். நம் தோலையும் எலும்பையும் தாங்குவது அப்படிப்பட்ட ஒரு முப்புரிக் கயிறு என்று 1954-இல் ராமச்சந்திரனும் கர்த்தாவும் உலகப் புகழ் பெற்ற நேச்சர் இதழில் எழுதினார்கள். அப்போது ராமச்சந்திரனுக்கு வயது 31.

முதலில் எழுதியதில் ஒரு குறை இருந்தது. மூன்று மாலைகளும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நிற்பதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். அது எக்ஸ் கதிர்ப் படத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. இதற்கு வழி சொன்னது நிலா! நிலா பூமியைச் சுற்றி வரும்போது எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டும். அதே போல, மாலைகள் ஒன்றையொன்று சுற்றும்போது கிளைசின் மணிகள் எப்போதும் உள்பக்கமே பார்க்க வேண்டுமானால், மூன்றும் சேர்ந்து இன்னொரு முறை முறுக்கிக்கொள்ள வேண்டும். 1955-இல் இந்தத் திருத்தத்தை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மாலையும் ஒரு பக்கம் முறுக்க, மூன்றும் சேர்ந்த கயிறு எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. கயிறு திரிப்பவர்களும் புரி பிரிந்துவிடாமல் இருக்க இப்படித்தான் செய்கிறார்கள்!

இந்தக் கயிறு ஒன்றின் நீளம் எவ்வளவு தெரியுமா? உங்கள் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் கோடு இருக்கிறதல்லவா? அதற்குள் மூவாயிரம் கயிறுகளுக்கு மேல் ஒன்றன் பின் ஒன்றாக நீளவாக்கில் வைத்துவிடலாம்.

இப்போது அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் கேள்விக்கு வருவோம். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளுக்கு டானின் என்று பெயர். அது தோலுக்குள் ஊறி, கொலாஜன் கயிறுகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிடுகிறது. கட்டிப் போட்ட கயிற்றைக் கிருமிகளால் எளிதில் தின்ன முடியாது. அதனால் தோல் அழுகுவதில்லை. கடுக்காயைக் கடித்தால் வாய் வறள்வதும் இப்படித்தான். எச்சிலில் உள்ள புரதங்களை டானின் பிடித்துக்கொள்கிறது.

கல்வராயன் மலையில் நெல்லி மரமும் உண்டு. நெல்லிக்காயில் நிறைய வைட்டமின் சி இருக்கிறது. அது இல்லாவிட்டால் கொலாஜன் கயிறு உறுதியாக இருக்காது. ஈறில் ரத்தம் வரும், காயம் ஆறாது. அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகள் காய், பழம் கிடைக்காமல் இப்படித்தான் நோயில் விழுந்தார்கள்.

சிவப்பு மைக் கோடு

கதை இங்கே முடிந்திருந்தால் ராமச்சந்திரன் கொலாஜன் வடிவத்தைக் கண்டவர் என்ற பெயரோடு நின்றிருப்பார். ஆனால் 1955-இன் கடைசியில் ஒரு பெரிய அடி விழுந்தது.

பிரான்சிஸ் கிரிக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டி.என்.ஏ.வின் வடிவத்தை 1953-இல் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். அவரும் அலெக்சாண்டர் ரிச் என்பவரும் கொலாஜனைப் பற்றி எழுதினார்கள். மூன்று மாலைகள் முறுக்கிய கயிறு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் சென்னைக்காரர்கள் சொன்னபடி முறுக்கினால் சில அணுக்கள் ஒன்றோடொன்று மிகவும் நெருங்கி இடித்துக்கொள்ளும், ஆகவே அது தவறு என்றார்கள். மாலைகளுக்கு நடுவே இருக்கும் பிணைப்புகளையும் குறைத்துச் சொன்னார்கள்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் உலகமே கொண்டாடும் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. மறு பக்கம் அப்போதுதான் தொடங்கிய ஒரு துறையின் இளம் பேராசிரியர். ராமச்சந்திரன் விடைத்தாளில் ஊரறியச் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்துவிட்டது!

பல வருடங்கள் விடைத்தாள் திருத்தியவன் நான். சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். சிலர் தாளைச் சுருட்டிப் பைக்குள் திணிப்பார்கள். சிலர் வாத்தியார் மேல் கோபப்படுவார்கள். ஒரு சிலர் மட்டும் உட்கார்ந்து, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று பார்ப்பார்கள்.

ராமச்சந்திரனுக்கும் வருத்தம் இருந்திருக்கும். ஆனால் அவர் அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். இரண்டு அணுக்கள் மிகவும் நெருங்கிவிட்டன என்கிறார்களே, உண்மையில் எவ்வளவு தூரம் வரை நெருங்கலாம்? அதற்கு எல்லை எது?

அதற்குத் திட்டமான பதில் அப்போது யாரிடமும் இல்லை. ராமச்சந்திரனும் அவருடைய மாணவர்கள் வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகியோரும் அதுவரை உலகம் முழுவதும் வெளிவந்திருந்த படிக ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தார்கள். எந்த அணுவும் எந்த அணுவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். பொதுவாக நினைத்ததை விட அணுக்கள் சில சமயம் இன்னும் நெருங்கி வருகின்றன என்று தெரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிறுத்தியிருப்பார்கள். ராமச்சந்திரனோ இன்னும் மேலே போனார். கொலாஜனை விட்டுவிட்டு, எந்தப் புரதமாக இருந்தாலும் எப்படியெல்லாம் மடிய முடியும், எப்படியெல்லாம் மடிய முடியாது என்று கேட்டார்.

முடியாததை நீக்கினால்

இதைப் புரிந்துகொள்ள ஒரு விளையாட்டு விளையாடலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் சிறு சீட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். மூலைகளில் ஓட்டை போட்டு, நூலால் ஒன்றோடொன்று கோத்துவிடுங்கள். புரத மாலையும் இப்படித்தான் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டும் தட்டையானது, வளையாது. இரண்டு சீட்டுகள் சேரும் மூலையில் மட்டும் இரண்டு பக்கமும் திருப்பலாம். ஆக, ஒவ்வொரு மூலைக்கும் இரண்டு திருகு கோணங்கள்.

இப்போது ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்புங்கள். சில இடங்களில் தாராளமாகத் திரும்பும். சில இடங்களில் விளிம்பும் விளிம்பும் இடித்துக்கொள்ளும். இடிக்கும் இடத்தில் அதை நிறுத்த முடியாது. புரதத்தில் இடித்துக்கொள்வது அணுக்கள்.

ராமச்சந்திரனின் குழு ஒரு கட்டம் வரைந்தது. குறுக்கே ஒரு கோணம், நெடுக்கே இன்னொரு கோணம். இரண்டும் 360 பாகை. கட்டத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அணுக்கள் இடிக்கின்றனவா, இல்லையா என்று கணக்குப் போட்டார்கள். இன்றுபோல மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் கிடையாது. கையால் இயக்கும் கணக்குப் பொறியில் மாதக்கணக்கில் போட்ட கணக்கு அது!

முடிவு வியப்பாக இருந்தது. கட்டத்தின் முக்கால் பங்குக்கும் மேல் ஆகாத இடம். சில சிறிய பகுதிகள் மட்டுமே ஆகும் இடம். கல்வராயன் மலையின் வரைபடத்தை எடுத்துக்கொண்டால், செங்குத்துப் பாறை, ஓடை, பள்ளம் எல்லாவற்றையும் அடித்துவிட்ட பிறகு வீடு கட்டக் கொஞ்சம் சமதளம்தானே மிஞ்சும்? அது போலத்தான். மிஞ்சிய பகுதிகளில் ஒன்றில் மாலை சுருளாகச் சுற்றும். இன்னொன்றில் விசிறி போல விரிந்து அடுக்கிக்கொள்ளும். புரதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் தங்கள் வடிவத்தைக் கட்டிக்கொள்கின்றன.

கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மரக்கட்டைக்குள் சாமி சிலையை அவர்கள் கொண்டுவந்து வைப்பதில்லை. வேண்டாததைச் செதுக்கி எறிகிறார்கள். மிஞ்சுவது சிலை. ராமச்சந்திரன் செய்ததும் அதேதான். முடியாததை எல்லாம் நீக்கினார். முடிந்தது மிஞ்சியது.

1963-இல் இந்த வரைபடம் வெளியானது. அந்தச் சமயத்தில்தான் தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை இங்கிலாந்தில் அணு அணுவாகக் கண்டிருந்தார்கள். அதன் கோணங்களைச் சென்னை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஆகும் இடத்துக்குள்ளேயே விழுந்தன! இன்று உலகம் முழுவதும் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்றே அழைக்கிறார்கள்.

சரி, கொலாஜன் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். மூன்று மாலைகள் சேர்ந்து முறுக்கிய கயிறு என்று சென்னை சொன்னது சரி. மாலைகளுக்கு நடுவே இருக்கும் நேரடிப் பிணைப்பு மூன்று மணிக்கு ஒன்றுதான் என்று ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரி. இருவர் விடையிலும் சரி இருந்தது. ஆனால் அந்தச் சிவப்புக் கோடு விழாமல் இருந்திருந்தால் ராமச்சந்திரன் வரைபடம் பிறந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மீண்டும் பெங்களூர்

1970-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தை விட்டு விலகினார். 1971-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். எந்தக் கழகத்தில் ராமனுக்கு மாணவராக இருந்தாரோ, அங்கேயே ஒரு புதிய பிரிவை உருவாக்கிவிட்டார்.

அதே 1971-இல் ஏ.வி.லட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து இன்னொரு வேலையும் செய்தார். ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து எக்ஸ் கதிர்ப் படம் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து உள்ளே இருப்பதை அப்படியே காட்ட விரைவான ஒரு கணக்கு முறை அது. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் என்கிறார்களே, அந்தக் கருவிகளில் இந்த வகைக் கணக்கு முறை பெரிதும் பயன்பட்டது.

1977-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. 1999-இல் படிக ஆராய்ச்சிக்கான உலக அளவிலான எவால்ட் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு மட்டும் கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் விஞ்ஞானிகள் இன்றும் பலர் இருக்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998-இல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7-ஆம் தேதி சென்னையில் ராமச்சந்திரன் மறைந்தார்.

கொண்டை ஊசி வளைவு

அவரோடு அந்த வேலை நின்றுவிடவில்லை. 2024-இல் வேதியியல் நோபல் பரிசு எதற்குக் கொடுத்தார்கள் தெரியுமா? புரதம் எப்படி மடியும் என்று கம்ப்யூட்டரால் கணித்ததற்கும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்கும்தான். கம்ப்யூட்டர் சொல்லும் வடிவம் நம்பத்தக்கதா என்று பார்க்க இன்றும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

புரதத்தைப் போலவே மடிந்து வேலை செய்யும் இன்னொரு மாலையும் நம் உடம்பில் இருக்கிறது. அதன் பெயர் ஆர்.என்.ஏ. இதில் நான்கு வகை எழுத்துகள்தான். அவற்றில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஜோடி உண்டு. ஜோடி எழுத்துகள் சந்தித்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் மாலை தன் மேலேயே திரும்பி மடியும். கல்வராயன் மலைக்குப் பஸ்ஸில் போனால் சாலை போன வழியே திரும்பி வருமே, கொண்டை ஊசி வளைவு! ஆர்.என்.ஏ.வில் அப்படி மடியும் இடத்துக்கும் விஞ்ஞானிகள் கொண்டை ஊசி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் செல்களுக்குள் புரதம் செய்யும் தொழிற்சாலைக்கு ரைபோசோம் என்று பெயர். அதன் இருதயம் போன்ற பகுதி மடிந்த ஆர்.என்.ஏ.தான். அதன் வடிவத்தைக் கண்டதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். அவர் 1952-இல் பிறந்தது சிதம்பரத்தில். அப்போது கள்ளக்குறிச்சியும் சிதம்பரமும் ஒரே தென்னாற்காடு மாவட்டம்!

ஆர்.என்.ஏ. எப்படி மடியும் என்பது இன்னும் முழுதாக விடை கிடைக்காத கணக்கு. புரத மாலையில் ஒவ்வொரு மணிக்கும் முக்கியமாக இரண்டு திருகு கோணங்கள் என்றோம். ஆர்.என்.ஏ. மாலையிலோ ஒவ்வொரு மணிக்கும் ஆறு! எவ்வளவு வழிகளில் திரும்பலாம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கு உங்களுக்காகக் காத்திருக்கிறது, குழந்தைகளே.

அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. அடுத்த முறை உங்கள் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுந்தால், தாளைச் சுருட்டிப் பைக்குள் திணிக்காதீர்கள். நிமிர்த்தி வைத்து, கோடு விழுந்த இடத்தில் என்ன கேள்வி ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கிண்டியில் ஒருவர் அப்படிப் பார்த்ததால்தான் இன்று உலகம் முழுவதும் உள்ள ஆய்வுக்கூடங்களில் ஒரு தமிழரின் பெயர் தினமும் சொல்லப்படுகிறது.

அட்டைச் சீட்டு விளையாட்டை மறந்துவிடாதீர்கள்!